தும்மினா கசியுது... யார்கிட்ட சொல்றது?

(மகளிர் அணிக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க வீட்டுப் பெண்களுக்கும் அனுப்புங்க.)



காலையில ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ரோட்டுல நின்னு பாருங்க. ஷூ கம்பெனி பஸ் பூரா பெண்கள். அவங்கள்ல பலர் வெளியே சொல்லாம சுமக்கிற ஒரு பிரச்சினையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

தும்மினா, சிரிச்சா, பாரம் தூக்கினா சிறுநீர் கசியுது. சிலருக்கு "அடி இறங்குது". அதாவது கர்ப்பப்பை இறக்கம். "புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம்"னு சொல்லி அவங்க வாயை அடைச்சிடறோம். இது சிகிச்சை இருக்கிற நோய்ங்க!

நான் படிச்சது இன்ஜினியரிங். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அடியில இருந்து தாங்குற பெல்ட் மாதிரி சில தசைகள் இருக்கு. அதுதான் இடுப்புத்தளம். பிரசவம், விடாத இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குறது, மாதவிடாய் நின்ன பிறகு வர்ற மாற்றம் எல்லாம் அந்த பெல்ட்டைத் தளர்த்தும். பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியே குடிக்காம ஷிப்ட் முடிக்கிறவங்களுக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துக்கும்.

1948-ல தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேணும்னு சொல்லுச்சு. அதே 1948-ல அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல், இந்தத் தசைகளை உடற்பயிற்சியாலேயே வலுவாக்கலாம்னு எழுதினார். சிறுநீரை அடக்குற மாதிரி தசையை உள்ளே இழுத்துப் பிடிச்சு விடணும். ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளைக்கு மூணு தடவை, குறைஞ்சது மூணு மாசம். செலவு பூஜ்யம்.

அப்போ ஒரு வீடியோ போட்டா போதாதா? போதாது. சொல்லிக் கேட்டு மட்டும் செய்யும்போது நிறைய பேர் உள்ளே இழுக்காம கீழ்நோக்கி முக்கிடறாங்க. அது இருக்கிற பிரச்சினையை மோசமாக்கும். சரியா செய்றாங்களான்னு பயிற்சி பெற்ற ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். இறக்கம் அதிகமா இருந்தா ரிங் பெசரி வைக்கலாம். அதுக்கும் அளவு பார்த்து வைக்கத் தெரிஞ்ச கை வேணும். முத்தின நிலையில ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனா எல்லாருக்கும் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்"ங்கிறது பதில் இல்ல. கர்ப்பப்பையை எடுத்தாலும் தளர்ந்த தசை தளர்ந்த தசைதான்.

நேபாளத்துல கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்களோட உரிமைப் பிரச்சினையா 2008-லயே உச்ச நீதிமன்றம் பார்த்துச்சு. நமக்கு வழி காட்ட வெளிய யாரும் வர வேண்டாம். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பெண்கள் பிரசவத்துல இறந்துபோனாங்க. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதுன்னு சொன்னதுதான் காரணம். அந்த ராத்திரிதான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க வச்சுது. அவங்க 1900-ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சி.எம்.சி. கட்டடத்தோட அவங்க நிறுத்தல. 1909-ல செவிலியர் பயிற்சி, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஆளைத் தயார் பண்ணாம நோயை விரட்ட முடியாதுன்னு காட்டின ஊர் நம்ம ஊர்!

இப்போ ஆள் இல்லாமலா இருக்கு? 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க. கிராம சுகாதார செவிலியர் இருக்காங்க. இவங்களுக்கு இந்தப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தா போதும்.

நம்ம கோரிக்கை:

✅ சுகர், பி.பி. பார்க்கும்போதும், பிரசவத்துக்கு அப்புறமும் ரெண்டு கேள்வி கட்டாயம் கேட்கணும்: "சிறுநீர் கசியுதா? அடி இறங்குற மாதிரி இருக்கா?"

✅ பிசியோதெரபிஸ்ட்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், நர்ஸ்களுக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலயும் சி.எம்.சி.யிலயும் நேரடிப் பயிற்சி.

✅ ஈ.எஸ்.ஐ. மருந்தகங்கள்லயும் கம்பெனி முதலுதவி அறைகள்லயும் பயிற்சி பெற்ற ஒரு பெண் செவிலியர். உருது பேசுற சகோதரிகளுக்கு உருதுலயே பேசத் தெரிஞ்சவங்க.

✅ வீட்டுலயே அப்பர் தைக்கிற பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவங்க வீட்டுப் படிக்கே போகணும்.

சகோதரிகளே, டாக்டர்கிட்ட சொல்ல வெட்கப்படாதீங்க. அண்ணன் தம்பிகளே, "வயசானா அப்படித்தான்"னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போங்க.



#கேளுங்கள்_சொல்வார்கள் #பெண்கள்_நலம் #வேலூர் #ஆம்பூர்