பெயரை நெஞ்சில் குத்திக்கொள்வோம்

(பீளமேடு ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 25 வருகிறது. அன்று நாம் ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் பட்டையைச் சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்திக்கொள்ள வேண்டும். கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் ஒருவரின் பெயரை அதில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

"அவர்கள் நமக்கு உறவா? நம் ஊரா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் அவர்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். நிலப்பிரபுக்களின் ஆட்கள் அதற்குத் தீ வைத்தார்கள். மாண்டவர்களில் 23 பேர் குழந்தைகள், 16 பேர் பெண்கள், 5 பேர் முதியவர்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலப்பிரபுக்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆனால் அந்த அரைப்படி வீண்போகவில்லை. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நம் பீளமேட்டைப் பாருங்கள். ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை நேரில் கண்டவர் இன்று நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் சின்னியம்பாளையம் தியாகிகளை நம் வீட்டுப் பிள்ளைகள் என்கிறோம். வெண்மணிப் பிள்ளைகளை மட்டும் அந்நியர் என்பது எப்படி?

1970இல் அமெரிக்காவில் ஒரு பழக்கம் தொடங்கியது. வியட்நாம் போரில் சிறைப்பட்ட, காணாமற்போன சிப்பாயின் பெயர் பொறித்த வளையத்தை, அவனை அறியாதவர்களும் கையில் அணிந்தார்கள். அது மனித நேயமே. ஆனால் அங்கே குண்டுக்கு இரையான வியட்நாம் உழவனின் பெயர் எந்த வளையத்திலும் இல்லை. ஏழையின் பெயரை ஏழைதான் சுமக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெண்மணியில் மாண்டவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு, டீக்கடையில் அவர்கள் இனத்தவருக்குத் தனி டம்ளர் வைப்பதைப் பார்த்துச் சும்மா இருந்தால், அந்தப் பட்டை வெறும் துணிதான். அவர்கள் தெருவுக்குள் போகத் தயங்கும் கால், அந்தப் பெயரைச் சுமக்கத் தகுதியற்றது. பட்டை குத்துவது சுலபம். அதற்கு ஏற்றபடி நடப்பதே கஷ்டம்.

வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். "இது யார்?" என்று வீட்டில் குழந்தை கேட்கும். அரைப்படி நெல்லின் கதையைச் சொல்லுங்கள். ஷிப்டில் பக்கத்தில் நிற்கும் வெளிமாநிலத் தொழிலாளி கேட்பார், அவருக்கும் சொல்லுங்கள். ஜனவரி 8 அன்று நம் நால்வரின் பெயரை அணியுமாறு கிராமத்து விவசாயத் தொழிலாளரையும் கேட்போம்.

ஆலையும் வயலும் ஒன்றுசேரட்டும்!

வெண்மணித் தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!