சொல்லிக் கொடுப்பதும் யூனியன் வேலையே

(நாமக்கல் வட்டாரத்தில் பஞ்சாலை, விசைத்தறி, விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலிக்காகப் போராடிப் பழகியவர்கள் நாம். இன்று அந்தக் கூலி நம் கைக்கு வருகிற வழியில் ஒரு புதிய பூட்டு தொங்குகிறது. அதற்குச் செயலி என்று பெயர். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், நாளுக்கு இருமுறை செல்போனில் போட்டோ எடுத்து வருகை பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். 2024 ஜனவரி 1 முதல், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில்தான் கூலி என்றார்கள். பஞ்சாலைத் தொழிலாளியின் பி.எப். பணமோ, 2014 முதல் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது.

இதில் சிக்கல் வந்தால் தொழிலாளி யாரிடம் போவார்? உதவி எண்ணுக்குப் போன் செய்தால், “ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து” என்கிறது இயந்திரம். கடைக்குப் போனால் காசு வாங்கிக்கொண்டு அவர்களே தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே ஆள் அதே கடை வாசலில் நிற்கிறார். வேலை முடிந்தது, தெளிவு பிறக்கவில்லை.

நமது யூனியன் ஆபீசிலும் உதவிக்கு ஆள் உட்கார வேண்டும். ஆனால் கடைக்காரரைப் போல் அல்ல, வாத்தியாரைப் போல் உட்கார வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1963-ல் பிரேசில் நாட்டு அங்கிகோஸ் என்ற ஊரில், பாவ்லோ பிரெய்ரே சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் தள்ளியது! நம் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் பரவியபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கேரளத்தில் புல்லம்பாறை பஞ்சாயத்துத் தோழர்கள் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் போய் செல்போன் பாடம் நடத்தினார்கள். 2022-ல் அந்தப் பஞ்சாயத்து முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதை விரிவாக்கி, 21 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பயிற்சி அளித்து, 2025 ஆகஸ்டில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது.

ஆக, வகுப்பறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்ன?

முதலாவது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். “எனக்கு இதெல்லாம் வராதுங்க” என்பார் ஒரு அக்கா. அவரே பேரனுக்குப் போன் போட்டுப் பேசுகிறார். எண்ணைத் தட்டத் தெரிந்த விரலுக்கு மற்றதும் வரும்.

இரண்டாவது: போன் கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கிச் செய்வது உதவியல்ல. தறி ஓட்டப் பழகியவன் தறியைத் தொட்டுத்தானே பழகினான்?

மூன்றாவது: ஒரு நாளைக்கு ஒரு பாடம். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “நீங்களே ஒருதரம் செய்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். அப்போதுதான் தடுமாறும் இடம் தெரியும். ஓ.டி.பி. எண்ணை மட்டும் நாமும் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. இதுவும் பாடமே.

நான்காவது: நாலு பேருக்கு ஒரே சந்தேகம் என்றால் நாலு பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்கட்டும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார், எந்த இடத்தில், எதனால் தடுமாறினார் என்று எழுதுங்கள். ஒரு மாணவன் தவறினால் அவனுக்கு மறுபடி சொல்லிக் கொடுக்கலாம். வகுப்பே அதே கணக்கில் தவறினால் பிழை பாடப் புத்தகத்தில்தான்!

நமது பெயர்களையே பாருங்கள். நமக்கு இருப்பது இன்ஷியல். ஒரு பதிவேட்டில் இன்ஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் தகப்பன் பெயர் முழுதாக. இயந்திரம் மூவரையும் வேறு வேறு ஆள் என்கிறது, பி.எப். பணம் நின்றுபோகிறது. இது தொழிலாளியின் அறியாமையா? இல்லை. நாடெங்கும் கிளம்பிய முறையீடுகளுக்குப் பின் 2025 ஜனவரியில் விதியைத் தளர்த்தினார்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு எண் வாங்கி, அதை ஆதாரோடு சரிபார்த்திருந்தால், பெயர், பிறந்த தேதி முதலியவற்றை நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமலே திருத்தலாம் என்றார்கள். அதற்கு முன் எண் வாங்கிய பழைய தொழிலாளிக்கு இந்தச் சலுகை அப்போது கிடைக்கவில்லை. இருபது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்கே கதவு அடைப்பு!

“இது சர்க்கார் வேலை, நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சர்க்கார் செய்ய வேண்டியதுதான்; செய்யும்படி கோரவும் வேண்டும். ஆனால் அதுவரை கூலி காத்திருக்குமா? அது மட்டுமல்ல. டவர் கிடைக்காத ஏரிக்கரையில் போட்டோ ஏறாமல் போனால், வெயிலில் மண் சுமந்தவளுக்கு என்ன பாடம் நடத்துவது? அங்கே வேண்டியது பாடமல்ல, போராட்டம். எது பாடத்தால் தீரும், எது போராட்டத்தால் தீரும் என்று பிரித்துக் காட்டுவது அந்த நோட்டுப் புத்தகமே. வெறும் புகாரை அதிகாரி தட்டிக் கழிப்பார். தேதியோடு எழுதிய நாற்பது பேர் கணக்கை அவ்வளவு சுலபமாகத் தட்ட முடியாது.

ஆகவே தோழர்களே! பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரி என்று ஒவ்வொரு கிளையிலும் வாரம் ஒரு மாலை, ஒரு பெஞ்சு, ஒரு நோட்டுப் புத்தகம், சொல்லிக் கொடுக்க இரண்டு இளைஞர் என்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து நோட்டுகளை ஒன்று சேர்ப்போம். அதிலிருந்தே நமது கோரிக்கை மனுவை எழுதுவோம்!