கரமனையில் ஒரு கூட்டமைப்பு: நம் சங்கத்துக்கு அது சொல்வது

(கரமனையில் நடந்த நம் சங்கத்தின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. சங்கத்தை ஒரு டிரஸ்டாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மூன்று வருஷத்துக்குப் பணம் தரத் தயாராயிருக்கிறது. அதைக் கொண்டு நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கலாம் என்பது தீர்மானம். நல்ல காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கீழே இன்னொரு வரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிப் பாக்கி, காண்ட்ராக்டர் தகராறு எழுதி வாங்கும் நம் மேசையைத் 'தற்காலிகமாக' நிறுத்திவைக்க வேண்டுமாம். பத்திரிகையிலும் கூலி விஷயத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். காலம் மாறிவிட்டது, சங்கமும் மாற வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள்.

காலம் மாறியது வாஸ்தவம். அதனால் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. இதற்குப் புத்தகம் புரட்ட வேண்டாம். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நாம் காத்து நிற்கும் இதே கரமனையில்தான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. சுருக்கமாக சிஃப்ஸ் என்பார்கள். கடற்கரையே இல்லாத கரமனையில் மீனவர் கூட்டமைப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேரளக் கடற்கரைச் சங்கங்களும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சங்கங்களும் சேர்ந்து உண்டாக்கியது அது. 1956-ல் மாநில எல்லை போட்டார்கள். கடலில் எல்லை போடவில்லை. மலையாள மீனவனும் தமிழ் மீனவனும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வந்தார்கள் என்பதே நமக்குப் பெருமையான சங்கதி.

அதன் கதைக்கு முன்னால் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1953-ல் வேலை தொடங்கியது. லட்சியம் என்ன? அந்தக் கரையின் ஏழை மீனவக் குடும்பங்களின் வாழ்க்கையை உயர்த்துவது. படகில் யந்திரம், சுகாதார நிலையம், குடிதண்ணீர் எல்லாம் வந்தன. அதே காலத்தில் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவிலும், பிறகு ஜப்பானிலும், கிராக்கி பிறந்தது. யந்திரப் படகு இறால் பிடிக்கும் டிராலர் ஆயிற்று. டிராலர் வாங்கப் பணம் வேண்டும். பணம் இருந்தவர்களில் பலருக்கு மீன்பிடித் தொழிலோடு அதுவரை சம்பந்தமே கிடையாது. கடைசியில் அந்த டிராலர்களே கரையோரத்தில் கட்டுமரக்காரனின் வலையைக் கிழித்துக்கொண்டு போயின. யாருக்காகத் தொடங்கியதோ அவர்களுக்கே பகையாகிப் போனது. நார்வேக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உலகச் சந்தை ஒரு பக்கம் இழுத்தபோது, நில் என்று சொல்லும் அதிகாரம் அந்த மீனவன் கையில் இல்லை. அவன் பயனாளியாக இருந்தான், எஜமானனாக இல்லை.

இப்போது திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு கிராமத்துக்கு வருவோம். அங்கே 1970 வாக்கில் மீனவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அதற்கு முன்பும் சர்க்கார் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. அவற்றில் பலவற்றுக்குள் வியாபாரியும் வட்டிக்காரனும் பினாமியாகப் புகுந்து உட்கார்ந்துகொண்டான். மரியநாட்டார் இதைப் பார்த்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவன் மட்டுமே உறுப்பினர் என்று வாசலிலேயே விதி போட்டார்கள்.

அடுத்தது முதல் விற்பனை. கரையில் மீன் இறங்கிய நிமிஷத்தில் அதற்கு விலை சொல்வது யார்? வலை வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரி, கடன் தீரும் வரை மீனைத் தன்னிடமே போடவேண்டும் என்பான்; விலையும் அவனே சொல்வான். கடனோ தீராது. நம்மவர்கள் காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தவிப்பதை நினைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே கயிறுதான். மரியநாட்டில் சங்கமே கரையில் நின்று ஏலம் போட்டது. வியாபாரி சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சங்கம் மீனவனுக்குக் கொடுக்கும். கடனும் சங்கமே தந்தது. அன்றன்று விற்ற தொகையில் ஒரு பங்கைத் திருப்பிச் செலுத்துவது, இன்னொரு பங்கைக் கட்டாயச் சேமிப்பாகப் போடுவது என்று ஏற்பாடு. மீன் படாத நாளில் தவணை கிடையாது. கடலை அறிந்தவன் போட்ட கணக்கு அது, பாங்கில் உட்கார்ந்தவன் போட்டதல்ல.

இப்படிப்பட்ட கிராமச் சங்கங்கள் பெருகி, மாவட்டக் கூட்டமைப்புகள் ஆகி, அவற்றுக்கு மேலே 1980-ல் சிஃப்ஸ் உண்டாயிற்று. அதன் பிறகு வந்த நாற்பது வருஷ மாறுதல்களைப் பாருங்கள். முதலில் மரம் அரிதாயிற்று. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற தடி கிடைப்பது கஷ்டமாகி விலையும் ஏறிவிட்டது. குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியக்காரரான பியர் ஜில்லே, மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகு கட்டிப் பார்த்தார். முதலில் செய்தது சரியாக வரவில்லை, திரும்பவும் செய்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1985-ல் புத்தகமாகவே எழுதினார். சிறியது கடினம் என்பது தலைப்பின் பொருள். சிஃப்ஸ் பிளைவுட் படகுப் பட்டறைகளை நடத்தியது. பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து மோட்டார் வந்தது. ஜப்பான் மோட்டார், விலை அதிகம், எண்ணெய்ச் செலவு தனி. இது மீனவனைப் புதிய கடனில் தள்ளும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள்; அது பொய்யும் அல்ல. ஆனால் டிராலரோடு போட்டியிட மோட்டார் வேண்டும் என்று மீனவனே கேட்டான். சிஃப்ஸ் மோட்டாரையும் உதிரி பாகத்தையும் தருவித்து, பழுது பார்க்கும் பட்டறையும் வைத்தது. பின்னர் திசைகாட்டும் ஜி.பி.எஸ். கருவி வந்தபோதும் அப்படியே. மரம் போய்ப் பிளைவுட் வந்தது, துடுப்பு போய் மோட்டார் வந்தது. கடலோடிதான் உறுப்பினர், கரையில் ஏலம் போடுவது சங்கம் என்ற அடிப்படை நின்றது.

1991-ல் மத்திய சர்க்கார் ஆழ்கடலை அந்நியக் கூட்டுக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டபோது மீனவர்கள் தேசம் முழுக்கக் கிளர்ந்தெழுந்தார்கள். 1994-ல் அகில இந்திய வேலைநிறுத்தம், பிறகு முராரி கமிட்டி, 1996-ல் அந்த லைசென்ஸ்களுக்கு எதிராக அதன் அறிக்கை. அங்கே முன்னணியில் நின்றவை தொழிற்சங்கங்கள். சிஃப்ஸின் பிரதான வேலை விற்பனையும் கடனும் தொழில்நுட்பமும். எல்லா ஸ்தாபனமும் எல்லா வேலையும் செய்ய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பணம் வந்து சோதித்த காலம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு. சுனாமி நாகப்பட்டினத்தை அழித்தது. உலகமெங்கும் இருந்து பணம் கொட்டியது. அங்கே சில ஸ்தாபனங்கள் தேவைக்கு மேலே படகு கொடுத்தன. படகு கொடுத்தால் படத்தில் நன்றாக விழும்! சிஃப்ஸும் அந்தக் கரைக்குப் போயிற்று. வந்து குவிந்த ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்தும் மையம் நாகப்பட்டினத்தில் உண்டாவதில் பங்கெடுத்தது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வீடு கட்டும் பெரிய வேலையை ஏற்று, குடியிருக்கப் போகும் குடும்பங்களைக் கலந்து பேசிக் கட்டியது. அதற்கு முன்பு வீடு கட்டுவது அதன் தொழிலல்ல. ஆனாலும் கேட்டுச் செய்வது என்ற பழைய வழக்கம் புது வேலைக்கும் கூடவே போயிற்று.

குறையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகும் ஆணை வைத்து விதி எழுதியதால், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணுக்கு அந்த வாசலில் இடமில்லாமல் போயிற்று. கரையின் பாதி உழைப்பு அவளுடையது. நம் சங்கத்திலும் வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் எத்தனை பேர் உறுப்பினர் புத்தகத்தில் இருக்கிறார்கள் என்று செயலாளர் எண்ணிச் சொன்னால் நல்லது.

இன்னொரு உதாரணம் சுருக்கமாக. 1962-ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அந்நியப் பணம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டு புத்தகம் விற்ற காசில் நடக்கிறது. 1996-ல் சுவீடனின் மாற்று நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. அந்நியப் பணத்தை நம்பியவர்களின் கதி என்னவாயிற்று? 2020-ல் அந்நிய நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய ஸ்தாபனம் வாங்கிய பணத்தைச் சிறியதற்குப் பிரித்துக் கொடுப்பது தடையாயிற்று. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாயிற்று. பெரியவர்கள் கையை எதிர்பார்த்திருந்த சிறிய ஸ்தாபனங்களுக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி தருவது தர்மம் என்று நம் தோழர்கள் கூச்சப்படுகிறார்கள். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழித்தே ஆக வேண்டும். நமக்குப் பணம் வேண்டும், அவர்களுக்குச் செலவழிக்க இடம் வேண்டும். ஆகவே நாம் பேரம் பேசலாம், காலில் விழ வேண்டாம்.

டிரஸ்ட் விஷயம் இதைவிடப் பெரிது. டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகள்தான் அதிகாரம். இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் பயனாளிகள் ஆகிவிடுவீர்கள். நீண்டகரையில் நடந்தது அதுதான். அதற்குப் பதில், 1955-ஆம் வருஷத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், தர்ம ஸ்தாபனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சொசைட்டியாகப் பதியலாம். உறுப்பினர்களின் பொதுக்குழுவே அங்கே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும். நிர்வாகி கணக்குக் காட்டியாக வேண்டும். கம்பெனி பணம் வாங்கவும் அந்தப் பதிவு தடையல்ல.

ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு என்ன செலவு? ஒரு நோட்டு, பஸ் கூலி, டீ. இதற்கு நம் சந்தா போதும். கூலிப் பாக்கி வாங்கித் தரும் வேலை நின்றுபோனால், காண்ட்ராக்டர் ஏமாற்றிய அன்று அந்தத் தம்பி யாரிடம் போவான்? தையல் பயிற்சி வகுப்புக்கா?

ஆகவே தீர்மானத்துக்கு மூன்று திருத்தங்களை முன்மொழிகிறேன். டிரஸ்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு 1955-ஆம் வருஷச் சட்டப்படி சொசைட்டி என்று போட வேண்டும். கூலிக்கு உழைப்பவரும் அவர் குடும்பத்தாரும் மட்டுமே உறுப்பினர், ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் காண்ட்ராக்டருக்கும் உறுப்பினர் இடம் இல்லை, வீட்டு வேலைப் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை உண்டு என்று விதியில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேசையும் பத்திரிகையும் சந்தாப் பணத்தில் மட்டும் நடக்கும், எந்த நன்கொடையாளருக்கும் அவற்றில் சொல் இல்லை என்று கம்பெனிக்கே கடிதம் எழுத வேண்டும். இதற்கு அவர்கள் சம்மதித்தால் பயிற்சிப் பணத்தை வாங்குவோம். திருத்தங்களைத் தனித்தனியாக ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.