பிள்ளையை யார் பார்ப்பது?



30 வயதுப் பெண் மேற்படிப்புக்குப் போகிறேன் என்றால், "பிள்ளையை யார் பார்ப்பது?" என்று கேட்கிறோம். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமென்றாலோ கேட்கவே வேண்டியதில்லை. அது வாலிபர்க்கே உரியதென்பது நமது எண்ணம்.

அமெரிக்காவில் இப்பட்டம் முதன்முதலாக 1965-ஆம் வருஷம் ஜூன் 7-ந் தேதி இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் மேரி கென்னத் கெல்லர் அம்மையார். அப்போது அவருக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. கன்னிகாஸ்திரீ வேறு! அவர் மதம் நமக்குச் சம்மதமல்ல, அது கிடக்கட்டும். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் அவர் ஜெபத்தைக் காட்டிப் பட்டம் வாங்கிவிடவில்லை. செய்து முடித்த சில கணக்குகளைக் கொடுத்தால், அவற்றிலிருந்து விதியைக் கண்டுபிடித்துப் புதுக் கணக்கையும் யந்திரமே செய்யும்படி வழிவகை எழுதினார். பிறர் எழுதியதை ஒப்புவிப்பவனுக்கு டாக்டர் பட்டம் கிடையாது. புதிதாக ஒன்றைக் கண்டு, அதைப் பிறர் சோதித்துப் பார்க்கவும் விடவேண்டும். பெரியோர் சொன்னார் என்ற பேச்சு அங்கே செல்லாது.

பிறகு அயோவா மாகாணத்துக் கிளார்க் கல்லூரியில் இச்சாஸ்திரத்திற்கென ஓர் இலாகா ஏற்படுத்தி, 20 வருஷகாலம் அம்மையாரே நடத்தினார். வேலைக்குப் போகும் தாய்மார்களை, கைக்குழந்தையோடே வகுப்புக்கு வாருங்கள் என்று அழைத்தார்.