அரும்பு நிலையில் நான் அமர்த்திய மாணவி

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியில் செய்துவரும் பணிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் பணிகளில் பாதியை நாங்கள் தொடங்கியிருக்கவே மாட்டோம்.

எங்களுடையது வடசென்னையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. மீன்பிடித் தொழில் செய்வோர், சுமை தூக்குவோர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. மெட்ரோ ரயில் பணிகள் தொடங்கிய பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். காவலாளி வேலைக்கு வந்த நேபாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒரு ஜூலை மாதம் ஒடிசாவிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். வயது எட்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. அதன்படி மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். சட்டப்படி சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

பிறகு அவளது நிலையை அறிய ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். எதைக் கேட்டாலும் அவள் பேசவில்லை. தாளில் ஏதேதோ சுழித்து வைத்திருந்தாள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அவளை அரும்பில் அமர்த்தினேன். மூன்று மாதம் அவள் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ‘மெல்லக் கற்கும் குழந்தை’ என்று என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

அக்டோபரில் ஒரு மாலை, பள்ளிக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் அவளைத் தன் அம்மாவுடன் பார்த்தேன். கிலோ 48 ரூபாய் அரிசி இரண்டு கிலோ, 15 ரூபாய்க்கு உருளைக்கிழங்கு, ஆறு ரூபாய் வீதம் ஐந்து முட்டை வாங்கினார்கள். அம்மா 200 ரூபாய் கொடுத்தார். கடைக்காரர் 49 ரூபாய் திருப்பித் தந்தார். அம்மா வாங்கிக்கொண்டு நகர்ந்தார். சிறுமி நகரவில்லை. கையை நீட்டி, “அண்ணா, பத்து” என்றாள். கடைக்காரர் மீண்டும் கூட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே பத்து ரூபாயைக் கொடுத்தார்.

நான் கையில் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். ஒன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது என்று நான் முடிவு கட்டிய குழந்தை அவள்.

அந்த வாரச் சனிக்கிழமை அவளுடைய அப்பாவை வரச் சொல்லி, பழைய பயிற்சித் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் அந்தச் சுழிகளின் மேல் விரல் வைத்து, எனக்குப் புரிய வேண்டுமே என்று மெதுவாக, “டீச்சர், இது எண்பத்து மூன்று” என்றார். கேள்வி, 47ஐயும் 36ஐயும் கூட்டுக என்பது. நம் முன்னோர் எண்களைத் தமிழ் எழுத்துகளில் எழுதியதைப் போல, ஒடியா மொழியிலும் எண்களுக்குத் தனி வடிவங்கள் உண்டு. ஊர்ப் பள்ளியில் கற்ற அந்த வடிவங்களில்தான் அவள் விடை எழுதியிருந்தாள். பத்துக் கணக்கில் எட்டு சரி. அவற்றைக் கிறுக்கல் என்று நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

திங்கட்கிழமையே கணக்கில் அவளை மலர் நிலைக்கு மாற்றினோம். தமிழில் அரும்பிலேயே தொடர்ந்தாள். அது சரியான இடம்தான். பிறகு நாங்கள் ஆசிரியர்கள் அமர்ந்து பேசி, சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம்.

முதலாவது, புதிதாக வரும் குழந்தையிடம் முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தெரிந்ததைத் தன் மொழியிலேயே எழுதச் சொல்கிறோம். பெற்றோரோ, அதே மொழி பேசும் பெரிய வகுப்புப் பிள்ளையோ அதைப் படித்துச் சொல்கிறார்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

இரண்டாவது, கணக்கையும் தமிழையும் தனித்தனியே பார்க்கிறோம். கணக்கில் வாக்கியக் கேள்விகளுக்கு முன் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கேட்கிறோம். குச்சிகள், மணிகள், நாணயங்கள் கொண்டு செய்து காட்டச் சொல்கிறோம்.

மூன்றாவது, புதிய குழந்தைக்குத் தமிழ் பேசும் தோழர் ஒருவரை இணைக்கிறோம். தண்ணீர், கழிப்பறை, பசிக்கிறது, வலிக்கிறது, புரியவில்லை போன்ற சொற்களையே முதலில் கற்பிக்கிறோம். ‘புரியவில்லை’ என்று ஒரு குழந்தை வாய்விட்டுச் சொன்னால் அன்று எங்களுக்கு வெற்றி.

நான்காவது, காலை உணவு நேரம். சென்னை மாநகராட்சி 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. நூறாண்டுக்குப் பின், 2022 செப்டம்பரில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. எங்கள் பள்ளியில் பசியாற்றுவதோடு அது மொழி வகுப்பாகவும் ஆகிவிட்டது. “இன்னும் கொஞ்சம்”, “போதும்”, “சாம்பார் வேண்டும்” என்பவை பாடநூல் இல்லாமல் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளோடு அமர்வதை முறை வைத்துச் செய்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நன்றாகப் பேசுகிறாளே, படிக்க ஏன் தயங்குகிறாள் என்று சிறிது காலத்தில் நமக்கே பொறுமை குறையும். கனடாவைச் சேர்ந்த அறிஞர் ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுமொழியையும் பாடம் கற்பதற்கான மொழியையும் 1979இல் வேறுபடுத்திக் காட்டினார். புதிய மொழியில் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவரலாம். பாடமொழியில் வகுப்புத் தோழர்களை எட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பது அவர் கண்டது. விளையாட்டுத் திடலில் கேட்கும் தமிழை வைத்து விடைத்தாளை எடை போடக் கூடாது.

அந்தச் சிறுமியின் கதை நான் விரும்பியபடி முடியவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. தங்கியிருந்த கொட்டகைக்குப் போய்ப் பார்த்தோம். வேலை முடிந்து குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. எங்களிடம் அவள் இருந்தது ஏழு மாதம். அதில் மூன்று மாதத்தை நான் வீணாக்கினேன்.

இப்போது அவள் எந்தப் பள்ளியில் இருக்கிறாளோ, அங்கே மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பாளோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதனால் ஐந்தாவதாக ஒரு வழக்கத்தைச் சேர்த்தோம். இடம்பெயரக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பருவந்தோறும் ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பெற்றோரிடமே கொடுத்துவிடுகிறோம். வீட்டு மொழி எது, கணக்கில் எதுவரை தெரியும், தமிழில் எதைப் படிப்பாள், எதில் ஆர்வம் என்பவை மட்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக்குச் சட்டம் துணை நிற்கிறது. சேர்ந்த பிறகு எந்த நிலையில் அமர்த்துவது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. அந்த ஆசிரியருக்குத்தான் இந்தக் கடிதம்.

நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளை வகுப்புக்குள் போனதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். எழுதியது புரியவில்லை என்றால் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள்.