வயதும் ஆண் ஹார்மோனும்: உடற்பயிற்சி என்ன செய்யும்?

உரை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போன பிறகு சிலர் தனியாக வந்து மெதுவாகக் கேட்கும் கேள்வியை இன்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறேன். உடற்பயிற்சி செய்தால் ஆண்மை திரும்புமா?

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் நடுத்தர வயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைந்துகொண்டு வரும். இது நோயல்ல. பளு தூக்கினால் அது கூடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கூடும்தான், ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கே இறங்கிவிடும்.

நிலையான பலன் வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. உடலின் கொழுப்பு, ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. அதனால் உடல் பருத்தவர் எடையைக் குறைத்தால் ஆண் ஹார்மோன் அளவு உயரும். ஒல்லியானவருக்கு அந்த அளவில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனாலும் தசை வலுவாகும், இரத்தக் குழாய்கள் நன்றாக வேலை செய்யும். வயதானவர்களின் விறைப்புக் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்மோனைவிட இரத்த ஓட்டம்தான்.

வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் 3 நாள் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சியே. இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கடையோரத்தில் ரகசியமாக விற்கும் 'ஆண்மை' மாத்திரைகளை மட்டும் தொடாதீர்கள். 2008இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத ஏறக்குறைய 150 பேர், இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நால்வர் இறந்தார்கள். பலர் சாப்பிட்டிருந்த அத்தகைய மாத்திரைகளில் சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். விறைப்பு மருந்து அதனுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்துவிடும்.

விறைப்புக் குறைபாடு சில நேரம் இதய நோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ முதல் அறிகுறி. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அம்மா, வீட்டில் ஐயா தயங்கினால் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். பலதுறை மருந்தகத்தில் காலை நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்த ஹார்மோன் காலையில்தான் அதிகமாக இருக்கும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.