12 வயசை 16 ஆக்கினா என்ன ஆகும்? பெர்சி ஜாக்சன் படம் பத்தி

போன வாரம் எபிசோடு போட முடியல, ஆபீஸ்ல ரிலீஸ். அந்தக் களைப்புல ஞாயித்துக்கிழமை ஒரு பழைய படத்தை மறுபடி பார்த்தேன். 2010ல வந்த 'பெர்சி ஜாக்சன் அண்ட் தி ஒலிம்பியன்ஸ்: தி லைட்னிங் தீஃப்'. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன். குறிப்பா, அதுல மாத்தின ஒரே ஒரு நம்பரைப் பத்தி.

கதை தெரியாதவங்களுக்கு: கிரேக்கப் புராணக் கடவுள்கள் எல்லாரும் இன்னிக்கும் இருக்காங்க. ஒலிம்பஸ், நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்கு மேல இருக்கு. கடல் கடவுள் பொசைடனுக்கும் ஒரு சாதாரண மனுஷிக்கும் பிறந்தவன் பெர்சி. ஸூஸோட மின்னலாயுதத்தைத் திருடிட்டான்னு அவன் மேல பழி. அது திரும்பி வரலைன்னா கடவுள்களுக்குள்ள போர்.

படம் மோசம்னு சொல்ல மாட்டேன். உமா தர்மனோட மெடூசா இன்னிக்கும் மிரட்டுது. புராணத்துல பெர்சியஸ், கேடயத்துல அவ பிம்பத்தைப் பார்த்துத் தலையை வெட்டுவான். இங்க பெர்சி ஐபாடோட பளபளப்பான பின்பக்கத்தைக் கண்ணாடியாக்குறான். பழைய கதையை இப்படித்தான் புதுசாக்கணும்.

சரி, அந்த நம்பர். ரிக் ரியார்டன் 2005ல எழுதின நாவல்ல பெர்சிக்கு 12 வயசு. படத்துல 16. நடிச்ச லோகன் லெர்மனுக்கு அப்போ 17.

'நாலு வயசு கூடினா என்ன?'ன்னு தோணும். எங்க வேலையில ஒரு பாடம் உண்டு: எங்கேயோ இருக்கிற ஒரு கான்ஸ்டன்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி, அதை வேற யாரெல்லாம் நம்பியிருக்காங்கன்னு தேடிப் பாரு. அந்த அஞ்சு நாவலும் ஓடுறது ஒரே கெடுவை நோக்கி. பெர்சி 16 வயசைத் தொடும்போது அவன் எடுக்கிற முடிவுதான் ஒலிம்பஸோட தலையெழுத்துன்னு ஒரு ஆரூடம். முதல் படத்துலயே அவனுக்கு 16 ஆயிடுச்சே! அதனால 2013ல வந்த ரெண்டாவது படத்துல ஆரூடத்தையே 20 வயசுன்னு மாத்தினாங்க. எங்க பாஷையில அது ஹாட்ஃபிக்ஸ். அதுக்கப்புறம் மூணாவது படமே வரல. இந்த ஒரு காரணத்தாலதான்னு சொல்ல முடியாது. ஆனா ரியார்டன் படம் எடுக்கும்போதே வயசைக் கூட்டாதீங்கன்னு தயாரிப்பாளர்களுக்கு மெயில் எழுதியிருக்கார். அந்த மெயில்களைப் பின்னாடி தன் வலைதளத்துலயே போட்டார்.

இன்னொரு ஆச்சரியம், இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ். முதல் ரெண்டு ஹாரி பாட்டர் படத்தையும் சின்னப் பசங்களை வெச்சு எடுத்தவரே அவர்தான்.

ஆனா என்னை உறுத்துறது ஆரூடம் இல்ல.

இந்தக் கதை பிறந்ததே ஒரு ரெண்டாங்கிளாஸ் பையனுக்காக. ரியார்டனோட மகனுக்கு டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி ரெண்டும் இருந்தது. ஸ்கூல் வாத்தியாரா இருந்த அப்பா ராத்திரி ராத்திரி கிரேக்கக் கதை சொன்னார். தெரிஞ்ச கதையெல்லாம் தீர்ந்ததும், பையன் புதுசா ஒண்ணு கேட்டான். அப்போ பிறந்தவன்தான் பெர்சி. உனக்கு இங்கிலீஷ் எழுத்து ஆடுதா? உன் மூளை பழங்கிரேக்கத்துக்காகச் செஞ்சது. உட்கார முடியலையா? அது போர்க்களத்துல உயிரைக் காப்பாத்துற வேகம். மகனுக்கு அப்பா கொடுத்த பதில் அது.

அறிவியல் வேற. டிஸ்லெக்சியாவுல பெரும்பாலும் சிக்கல், எழுத்தையும் அதோட ஒலியையும் சேர்க்கிறதுல. படத்துல காட்டுற மாதிரி எழுத்து பறக்காது. புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இது எனக்கு எப்படித் தெரியும்னா, எனக்கும் இருக்கு. 24 வயசுலதான் அதுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சது.

ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு பத்தி சத்தமா வாசிக்கணும். நான் எனக்கு முன்னாடி எத்தனை பேர்னு எண்ணி, என் பத்தி எதுன்னு கண்டுபிடிச்சு, முறை வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவேன். நடுவுல ஒருத்தன் லீவு போட்டிருந்தா முடிஞ்சது கதை. எல்லாரும் சிரிப்பாங்க. சோம்பேறின்னு பேர் வாங்கினேன்.

அந்த வயசுல, 13ல, இந்தப் படத்தைப் பார்த்தேன். டிஸ்லெக்சியா படத்துலயும் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா திரையில நின்னவன் தோள் விரிஞ்ச ஒரு அண்ணன். அவன் பிரச்சனை எனக்கு ஒட்டவே இல்ல. காலேஜ் முடிச்சப்புறம் நாவலை ஆடியோபுக்கா கேட்டேன். ஹீரோவுக்கு 12 வயசுன்னு வந்த இடத்துல நிறுத்திட்டேன். பஸ்ல இருந்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

2023 டிசம்பர்ல வந்த சீரிஸ்ல ரியார்டனே கூட இருந்து உருவாக்கினார். பெர்சியா நடிச்ச வாக்கர் ஸ்கோபெலுக்கு ஷூட்டிங் ஆரம்பிச்சப்போ 13. பார்க்கவே குழந்தை. அவன் கடவுளையே எதிர்த்துப் பேசும்போது நமக்கு வயித்தைக் கலக்குது. 16 வயசுக்காரன் எதிர்த்துப் பேசினா அது வழக்கம்தானே.

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல, புக்கைத் திறந்தாலே தலைவலின்னு சொல்ற குட்டி யாராவது இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கதையை வாசிச்சுக் காட்டுங்க. அப்படியே ஒரு நல்ல நிபுணர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. கதை மட்டும் போதாது, ஆனா கதையில ஆரம்பிக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். இந்தத் தடவை ரிலீஸ் எதுவும் இல்ல, கண்டிப்பா வருவேன்.